பித்தப்பை ஆபரேஷன், கையில் 13 வாரப் பிள்ளை: முதல் ஒரு மாதத்தை எப்படி ஓட்டுவது?

மலையோரத்துத் தங்கச்சி:

ஊர் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். அக்காவுக்குப் பித்தப்பையில் கல். ரெண்டு தடவை வலி வந்து அட்மிட் ஆகியாச்சு, இனி தள்ளிப்போட வேண்டாம்னு சர்ஜன் சொல்லிட்டார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கிறது). பிள்ளைக்கு 13 வாரம், எடை 5.8 கிலோ, தாய்ப்பால் மட்டும்தான், பாட்டில் பழக்கமே கிடையாது. சுகப்பிரசவம்.

அத்தான் வெளிநாட்டில், லீவு கிடைக்கல. வீட்டில் மாமி உண்டு, 68 வயசு, முட்டுவலி, கீழே குனிஞ்சு எதையும் எடுக்க முடியாது. என்னால 12 நாள்தான் கூட நிற்க முடியும். வீடு ரப்பர் தோட்டச் சரிவில், ரோட்டிலிருந்து 14 படி இறங்கணும். அக்கா படுக்கிறது பாயில், பிள்ளை தூங்குறது சேலைத் தொட்டிலில்.

"5 கிலோவுக்கு மேல தூக்கப்பிடாது" என்று டாக்டர் சொன்னார். பிள்ளையே அதைத் தாண்டிட்டு. பால் கொடுக்கிறது, பிள்ளையைத் தூக்கிறது, சாப்பாடு, இந்த மூணும்தான் என் சந்தேகம். மாமி இன்னும் பேறுகால மருந்தும் நெய்யும் கொடுத்துட்டிருக்காவ. ஆறுதல் வேண்டாம், என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க.

கடலோரக்காத்து:

மயக்க மருந்து பாலில் இறங்கும். 24 மணி நேரம் பாலைப் பீச்சிக் கொட்டிட்டு, அதுவரைக்கும் பவுடர் பால் கொடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.

பாலாடை:

எல்லாரும் செய்கிறார்கள் என்பது சரி, தேவை என்பதுதான் தவறு. இன்று பொது மயக்கத்துக்குப் பயன்படும் மருந்துகள் ரத்தத்திலிருந்து வேகமாக இறங்கிவிடும். தாய் முழுசாகத் தெளிந்து, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லி, தானாக டம்ளரைப் பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் பால் கொடுக்கலாம். கொட்ட வேண்டியதில்லை. பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது, மூச்சுப் பிரச்சினை உள்ளது என்றால் மட்டும் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். உங்கள் அக்காவின் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே "பால் கொடுக்கிற தாய்" என்று சொல்லிவிடுங்கள். கேஸ் ஷீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அந்த நாளின் முதல் கேஸாகப் போடக் கேளுங்கள். பட்டினி நேரம் குறைந்தால் பாலும் குறையாது. வழக்கமாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி. "ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணிகூட வேண்டாம்" என்று யாராவது சொன்னால், மயக்க மருந்து டாக்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிவாக்கிக் கொள்ளுங்கள்.

உங்களுக்கு உண்மையான சிக்கல் மருந்தில் இல்லை, பிள்ளைக்கு மார்பைத் தவிர வேறு எதிலும் குடிக்கத் தெரியாததில்தான். தியேட்டருக்குள் போவது முதல் தெளிந்து வெளியே வருவது வரை 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம். இந்த வயதுப் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். அதாவது மணிக்கு 30 மில்லி, மூன்று மணிக்கு ஒரு தடவை 90 மில்லி. ஆகவே 300 மில்லி கையில் இருக்க வேண்டும், சிந்துவதற்கு 100 கூடுதல்.

இன்றைக்கே தொடங்குங்கள். காலையில் முதல் பால் கொடுத்த பிறகு மார்பில் மிச்சம் இருக்கும், அப்போது பீச்சுங்கள். காம்பிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சி வடிவில் இருக்கட்டும். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்க்க வேண்டும். தோலில் வழுக்கித் தேய்த்தால் புண்ணாகும், பாலும் வராது. ஒரு தடவைக்கு 40 முதல் 60 மில்லி கிடைத்தால் போதும். முதல் நாளில் 15 மில்லிதான் வந்தது என்று விட்டுவிடாதீர்கள், மூன்றாம் நாளில் கூடும்.

நம் ஊர் வெக்கையில் பீச்சிய பாலை வெளியில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜின் உள்ளே (கதவுத் தட்டில் அல்ல, பின்பக்கம்) 4 நாள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் 2 வாரம். முதல் நாட்களில் எடுப்பதை ஐஸ் பெட்டிக்கும், கடைசி மூன்று நாளில் எடுப்பதைக் கீழ்த்தட்டுக்கும் பிரித்து வையுங்கள். மூடியுள்ள சின்னச் சில்வர் பாத்திரங்களில் 60 மில்லி 60 மில்லியாக, மேலே தேதி ஒட்டி வைக்கவும். மழைக்காலக் கரண்ட் கட்டில் ஃப்ரிட்ஜைத் திறக்காமல் இருந்தால் 4 மணி நேரம் தாங்கும்.

குளிர் நீங்க வெந்நீர்க் கிண்ணத்துக்குள் பாத்திரத்தை வைத்துச் சுழற்றினால் போதும். அடுப்பில் காய்ச்ச வேண்டாம். உருகியதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம். இன்னொன்று: சிலருடைய பால் உறைந்து உருகும்போது சோப்பு வாடை அடிக்கும். கெட்டுப்போனதல்ல, பாலிலுள்ள ஒரு நொதியின் வேலை. ஆனால் சில பிள்ளைகள் அதைத் துப்பிவிடும். ஆபரேஷன் அன்றைக்கு இதைக் கண்டுபிடிக்காதீர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பாத்திரத்தை உருக்கிக் கொடுத்துப் பாருங்கள்.

கொடுப்பது பாலாடையில் (சங்கு மாதிரி மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்). பாட்டில் பழக்கினால் பத்து நாள் கழித்து மார்பை மறுக்கும் தொல்லை வரலாம். பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழ்உதட்டில் வைத்து, பிள்ளை நக்கி உறிஞ்சும் அளவுக்குச் சாய்க்க வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். அக்கா கண்ணில் படாத அறையில் நீங்கள் கொடுத்துப் பழக்குங்கள். தாய் வாசனை இருக்கும்வரை பிள்ளை பாலாடையை ஏறெடுத்தும் பார்க்காது.

தியேட்டருக்குப் போகும் முன் கடைசியாக ஒரு தடவை கொடுத்து மார்பைக் காலி பண்ணிவிட்டுப் போகட்டும். தெளிந்து வந்ததும் மறுபடி கொடுக்கட்டும், அதற்குப் பிறகு 3 மணி நேரத்துக்கு மேல் பால் கட்ட விடக் கூடாது. கட்டினால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் அது தையல் காய்ச்சலா பால் கட்டிய காய்ச்சலா என்று வார்டே குழம்பும்.

நடக்கவைப்பவர்:

தூக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் காயம் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் நாலு துளை. தொப்புளில் ஒன்று, நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, இவை ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். வலது விலா ஓரத்தில் சின்னதாக ரெண்டு, 5 மில்லிமீட்டர். தோல் பத்து நாளில் ஒட்டிவிடும். அடியில் தசையைப் போர்த்தியிருக்கும் கெட்டியான ஜவ்வு ஒட்ட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் தொப்புள் துளை வழியாகக் குடல் பிதுங்கி, இரணியம் (ஹெர்னியா) என்று இன்னொரு ஆபரேஷன். டாக்டர் 5 கிலோ என்றது இதற்காகத்தான்.

ஆனால் ஒரே பிள்ளையின் பாரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. தரையிலிருந்து குனிந்து, கையை நீட்டி எடுத்தால் வயிற்றுக்கு அது பல மடங்கு. இடுப்பு உயரத்தில் நெஞ்சோடு ஒட்டி வாங்கினால் வயிறு அதிகம் வேலை செய்யாது. ஆகவே முதல் வாரச் சட்டம் ஒன்றுதான்: அக்கா உட்கார்ந்த பிறகு பிள்ளை அக்காவிடம் வரும், அக்கா பிள்ளையிடம் போவதில்லை.

பாயை மடக்கி வையுங்கள். தரையிலிருந்து எழுவதுதான் இந்த வீட்டில் நடக்கப்போகும் மிகப் பெரிய பாரத் தூக்கல். ஒரு கட்டில், இரவல் வாங்கியாவது. உட்கார்ந்தால் முட்டும் இடுப்பும் ஒரே மட்டத்தில் வரும் உயரம், 45 முதல் 50 சென்டிமீட்டர். சுவரோரம் போட்டால் அக்காவின் இடது பக்கம் கட்டிலின் வெளிப்பக்கமாக வரட்டும், ஏனென்றால் எழுவது இடப்பக்கமாக. எழும் முறை: மல்லாந்து முழங்காலை மடக்கு, மரக்கட்டை மாதிரித் தோளும் இடுப்பும் சேர்ந்து இடதுபக்கம் உருள், காலைக் கீழே தொங்கவிடு, முழங்கையாலும் உள்ளங்கையாலும் ஊன்றி எழு. நேராக எழுந்து உட்கார்ந்தால் தொப்புள் தையல் சுரீர் என்று சொல்லிக் கொடுக்கும். ஆபரேஷனுக்கு முன்னாலேயே இருபது தடவை பழகட்டும்.

சேலைத் தொட்டில் பற்றி ஒரு வார்த்தை. ஆட்ட நல்லது, எடுக்க மோசம். குழிந்து கிடக்கும் துணிக்குள் ரெண்டு கையையும் விட்டு, குனிந்து, பிள்ளையை மேலே இழுக்க வேண்டும். நாலு வாரம் அக்கா அதில் பிள்ளையைப் போடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். உட்கார்ந்து கயிற்றைப் பிடித்து ஆட்டலாம், தாராளமாக. பகலில் பிள்ளையைக் கிடத்த சுற்றிலும் அழி (சட்டத் தடுப்பு) வைத்த மரத்தொட்டில் ஒன்று வேண்டும், அடித்தட்டு இடுப்பு மட்டத்துக்கு வரும்படி. 13 வாரம் என்கிறீர்கள், புரள ஆரம்பிக்கும் வயது நெருங்குகிறது. கட்டிலில் தலையணை அணை கட்டிவிட்டு நம்பி விடாதீர்கள்.

பால் கொடுக்கும் நிலை: இடதுபக்கம் சரிந்து படுத்துக் கொடுப்பது முதல் மூன்று நாளுக்கு உத்தமம், காயங்களெல்லாம் மேலே இருக்கும். வலது மார்பைக் கொடுக்க, அதே நிலையில் உடம்பைக் கொஞ்சம் கூடுதலாக முன்னால் சாய்த்தால் போதும், திரும்பிப் படுக்க வேண்டாம். உட்கார்ந்து கொடுக்கும்போது கக்கத்துப் பிடி: பிள்ளையின் உடம்பு அக்காவின் கைக்கடியில், கால் முதுகுப்பக்கம். மடியில் குறுக்கே கிடத்தினால் மூணு மாதப் பிள்ளையின் உதை எங்கே விழும் என்று சொல்லவே வேண்டாம். வயிற்றுக்கும் பிள்ளைக்கும் நடுவில் எப்போதும் ஒரு தலையணை. இருமல், தும்மலுக்கும் அதே தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ள வேண்டும். ஏப்பம் விட வைப்பது உங்கள் வேலை.

குளிப்பாட்டுவது. நீட்டிய காலில் போட்டுக் குளிப்பாட்டும் வழக்கம் நாலு வாரத்துக்கு அக்காவுக்குக் கிடையாது. தாழ்ந்த பலகையில் உட்கார்ந்து முன்னால் வளைவது வயிற்றை இரண்டாக மடக்கிவிடும். மாமிக்கும் முட்டுவலி. குளிப்பாட்ட ஆள் வந்தால் நல்லது. இல்லையென்றால் மேசைமேல் பேசின் வைத்து மாமி நின்றுகொண்டே செய்யலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மற்ற நாள் துடைத்துவிட்டால் போதும்.

14 படி பிரச்சினையே இல்லை. மறுநாளே மெல்ல ஏறலாம், வெறுங்கையோடு. மழையில் பாசி பிடித்திருந்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, ஒரு கயிற்றையாவது கைப்பிடியாகக் கட்டிவிட்டு அக்காவைக் கூட்டி வாருங்கள். வீட்டுக்குள் இரண்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடக்க வேண்டும், படுத்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு காலில் ரத்தம் உறையும் அபாயம் சாதாரண நேரத்தைவிட அதிகம். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், தைலம் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மலையோரத்துத் தங்கச்சி:

ரொம்ப உபகாரம். கட்டில் சொல்லியாச்சு. டிஸ்சார்ஜ் ஆகும்போது கொடுக்கிற மாத்திரைகளைப் பற்றியும் யாராவது சொல்லுங்க. அப்புறம் இந்தப் பேறுகால மருந்தை மாமிகிட்ட எப்படி நிறுத்தச் சொல்ல?

தியேட்டர் சிஸ்டர்:

மக்ளே, சீட்டு கையில் கிடைச்சதும் டிராமடால் என்ற வலி மாத்திரைப் பேர் இருக்கான்னு பாரு. தனியாவும் வரும், பாரசிட்டமாலோடு சேர்ந்த மாத்திரையாவும் வரும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பால் கொடுக்கும் தாய்க்கு டிராமடாலும் கோடீனும் வேண்டாம்னு எச்சரிச்சது. சிலருக்குக் கல்லீரல் அதை ரொம்ப வேகமா வீரியமான பொருளா மாத்தும். அது பாலில் போனா பிள்ளை எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மூச்சுத் திணறல்னு போகும். சீட்டில் இருந்தா அங்கேயே நின்னு, "பால் குடிக்கிற பிள்ளை உண்டு, வேற தாங்க"ன்னு கேளு. வாங்கிட்டு வந்து வீட்டில் யோசிக்காதே.

முக்கால்வாசிப் பேருக்குப் பாரசிட்டமால் 650 மி.கி. ஆறு மணிக்கு ஒன்று, அதோடு சாப்பாட்டுக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் 400 மி.கி. மூணு வேளை, இதுவே போதும். வயித்துப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தா ஐபுப்ரோஃபென் ஆகாது. ரெண்டும் பால் கொடுக்கும்போது எடுக்கலாம். டாக்டர் எழுதின அளவை முதல் மூணு நாள் கடிகாரம் பார்த்துக் கொடு. "வலி வரட்டும், போடலாம்"னு இருந்தா பிள்ளையைப் பிடிக்கிற நேரத்தில்தான் வலி ஏறும். பாரசிட்டமால் சேர்ந்த மாத்திரை எதுவும் இருந்தா, மேல தனியா பாரசிட்டமால் போடாதே, கணக்கு இரட்டிப்பாகும். ஆன்டிபயாடிக் போனா பிள்ளைக்கு ரெண்டு நாள் வயிறு இளகலாம், அதுக்காகப் பாலை நிறுத்த வேண்டாம்.

முதல் ராத்திரி அக்கா பக்கத்தில் பிள்ளையைத் தூங்க விடாதே. பால் குடிச்சதும் நீ எடுத்துக்கணும். மயக்கத்தின் அசதியில் அவளுக்குப் பிள்ளை மேல கை விழுந்தாலும் தெரியாது.

வலது தோளில் வலின்னு சொல்லுவா. எல்லாரும் வாயுன்னும் நெஞ்சுவலின்னும் பயப்படுவாங்க. வயித்தை உப்ப வைக்கக் கார்பன் டை ஆக்ஸைடு விடுவாங்க. மிச்சம் இருக்கிறது உதரவிதானத்தை (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) சீண்டும், அந்த நரம்பின் வலி தோளில் தெரியும். ரெண்டு மூணு நாளில் போயிரும், நடந்தா சீக்கிரம் போகும்.

காயத்தில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், வேப்பிலை, பவுடர் எதுவும் கூடாது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து தண்ணி ஊத்திக் குளிக்கலாம், பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குப் பிறகு. ஒத்தித் துடைக்கணும், தேய்க்கக் கூடாது. குளத்திலும் ஆத்திலும் முங்கிக் குளிக்கிறது காயம் முழுசா ஆறும் வரை வேண்டாம். பேறுகாலம்னு சொல்லி வயித்தில் வெந்நீரை ஓங்கி ஊத்துறதும், துணியால இறுக்கிக் கட்டுறதும் வேண்டாம்.

எப்போ ஓடணும்: காய்ச்சல் 100.4-க்கு மேல, கண் மஞ்சள், மூத்திரம் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறம், மலம் வெளுத்த களிமண் நிறம், நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடுறது, வயிறு உப்பி வாந்தி. பித்தநீர் கசிவுன்னா பெரும்பாலும் முதல் வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும். பித்தக்குழாயில் கல் தங்கியிருந்தா மஞ்சள் காட்டும். காய்ச்சலோட மார்பில் ஒரு பக்கம் மட்டும் சிவந்து கல்லா இருந்தா அது பால் கட்டு. அப்பவும் அந்தப் பக்கம் கொடுத்துட்டே இரு, அன்னைக்கே டாக்டரைப் பாரு. ராத்திரின்னா 108-ஐக் கூப்பிடு, ரோட்டில் நிறுத்த ஆளை அனுப்பு, சரிவுக்கு வண்டி வராதுல்ல.

அதிகம் பேர் சொல்லாத ஒண்ணு: எல்லாம் ஆறி மூணு நாலு வாரம் கழிச்சு, ஒரு துளையில் மட்டும் சின்னக் கட்டியா எழும்பித் தண்ணி மாதிரிக் கசியும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒண்ணு காரணமா இருக்கலாம், சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு மசியாது. மருந்துக்கடையில் வாங்கிப் போடாம, ஆபரேஷன் செஞ்ச டாக்டரிடமே காட்டணும்.

தடுப்பூசிக் கார்டைப் பாரு. 14 வார ஊசி இந்த நேரத்தில்தான் வருது. தேதி ஆகியிருந்தா ஆபரேஷனுக்கு முந்தின புதன்கிழமை போட்டுரு. ஊசிக் காய்ச்சலில் பிள்ளை மடியை விட்டு இறங்காது, அந்த ரெண்டு நாள் அக்கா தெம்பா இருக்கும்போதே கழியட்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாரசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே வீரியம் இல்லை. எத்தனை மில்லின்னு பாட்டிலைக் காட்டிச் செவிலியரிடம் எழுதி வாங்கு.

அடுக்களை:

மாமியிடம் "மருந்து தப்பு" என்று சொன்னால் சண்டைதான் மிஞ்சும். "பித்தப்பை இல்லை, நெய் செமிக்காது, பிள்ளைக்கு மூணு மாசம் ஆச்சு, மருந்து முடிஞ்சிட்டு" என்று சொல்லுங்கள். பித்தப்பை என்பது பித்தநீரைச் சேர்த்து வைத்து, கொழுப்பு வரும்போது மொத்தமாகப் பீய்ச்சும் பை. அது போனபின் கல்லீரலிலிருந்து பித்தநீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்சக் கொழுப்புக்கு அது போதும், ஒரே வேளையில் மூணு கரண்டி நெய் என்றால் வயிற்றால் போகும்.

நம் ஊர்ச் சமையலில் கொழுப்பு தாளிப்பில் இல்லை, அம்மியில் இருக்கிறது. அரை மூடித் தேங்காய் இல்லாமல் குழம்பே கிடையாது. முதல் ரெண்டு வாரம் அக்கா பங்குக்கு ஒரு வேளைக்கு ஒரு மேசைக்கரண்டித் தேங்காய், ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்று வையுங்கள். தீயல், ஏத்தங்காய் உப்பேரி, பழம்பொரி, பீஃப் எல்லாம் ஒரு மாதம் கழித்து, ஒவ்வொன்றாக.

பால் ஊற வேண்டும் என்று மாமி கவலைப்பட்டால் நெத்திலிப்புட்டு பண்ணச் சொல்லுங்கள். நெத்திலியில் கொழுப்புக் குறைவு, புரதம் நிறைய. அவித்து உதிர்த்து, இஞ்சி, வெள்ளைப்பூண்டு, நல்லமிளகோடு கொஞ்ச எண்ணெயில் கிளறினால் மாமிக்கும் மனசு நிறையும். சாளையை (மத்தி) தள்ளி வையுங்கள், அதன் ருசியே அந்த நெய்யில்தான். காலையில் சிறுபயறு கஞ்சி, பகலில் சோறும் ரசமும் மீனும், இரவில் இட்லி அல்லது இடியாப்பம். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) முதல் வாரம் வயிற்றை உப்ப வைக்கும், வேண்டாம். பால் கொடுப்பதால் சாப்பாட்டின் அளவைக் குறைக்கக் கூடாது. கொழுப்பைக் குறைத்து வேளையைக் கூட்டுங்கள், ஐந்து ஆறு தடவை சின்னச் சின்னதாக. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர்.

மலச்சிக்கல் வந்தால் முக்கக் கூடாது. பழுத்த பப்பாளி, அவித்த ஏத்தம்பழம் ஆகியவற்றோடு தொடங்குங்கள். ரெண்டு நாளாகியும் போகாவிட்டால் டாக்டரிடம் லாக்டுலோஸ் (மலத்தை இளக்கும் சிரப்) கேளுங்கள், பால் கொடுக்கும்போது எடுக்கலாம். தரையோடு இருக்கும் கக்கூஸ் என்றால் மேலே வைக்கும் கமோட் ஸ்டூல் ஒன்று சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும், மாமி முட்டுக்கும் பிறகு உதவும்.

மலையோரத்துத் தங்கச்சி:

மாமியிடம் சொல்லியாச்சு, நெத்திலிப்புட்டில் சமாதானம் ஆயிட்டாவ. கடைசியா ஒண்ணு. 13-ஆம் நாள் நான் போயிட்டா?

நடக்கவைப்பவர்:

பத்தாம் நாளிலிருந்தே ஒத்திகை பாருங்கள். நீங்கள் வீட்டில் இருந்துகொண்டே கை வைக்காமல் நில்லுங்கள். மரத்தொட்டில் அடித்தட்டிலிருந்து பிள்ளையை எடுக்கும் முறை: ஒரு காலை முன்வைத்து ஒட்டி நின்று, பிள்ளையைக் கைக்குள் உருட்டி நெஞ்சோடு அணைத்து, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே நிமிர வேண்டும். மூச்சை அடக்கினால் பாரம் தொப்புளுக்குப் போகும். சர்ஜன் பார்த்துச் சரி என்று சொன்னால் இரண்டு வாரத்துக்குப் பிறகு இப்படி எடுக்கலாம். தரையிலிருந்து எடுப்பது நாலு வாரம் கழித்து, முழங்காலை மடக்கி. லேப்ராஸ்கோப்பி நடுவில் திறந்த ஆபரேஷனாக மாறினால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, 6 முதல் 8 வாரம். அப்படியானால் ஆளைச் சேர்த்துவிட்டுத்தான் நீங்கள் கிளம்ப வேண்டும்.

சாதாரணமாக முடிந்தால், காலை ஏழு முதல் பதினொன்று வரை ஒரு ஆள் போதும். குளிப்பாட்டல், துணி, தண்ணீர், தூத்துப் பெருக்கல் எல்லாம் அதற்குள் முடியும். மாமி கட்டிலில் உட்கார்ந்தால் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள முட்டு தடையில்லை, அந்த வேலை அவருக்கு. சாயங்காலம் பிள்ளை சிணுங்கும் அஞ்சு முதல் ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டில் யாரையாவது சொல்லி வையுங்கள்.

கிணற்றில் தண்ணீர் கோருவதும் குடம் தூக்குவதும் ஆறு வாரம் கிடையாது. நிறைகுடம் பிள்ளையைப் போல் ரெண்டு மடங்குக்கு மேல் கனம். மோட்டார் இல்லாத கிணறு என்றால், ஆபரேஷனுக்கு முன்னாலேயே பக்கத்து வீட்டு டேங்கிலிருந்து அடுக்களை வரை ஒரு ஹோஸ் இழுத்துப் போட்டுவிடுங்கள்.